அத்தையைப் பார்த்து வைத்த பெயர்

ஜிம்பாப்வேயில் எங்கள் புஹேராப் பக்கம் அண்டை வீட்டாரோடு நேரில் சண்டை போடுவது மரியாதை இல்லை. அதற்குப் பதிலாகப் பிள்ளை பெற்றுக்கொள்வோம். சொல்ல நினைத்ததைப் பிள்ளைக்குப் பெயராக வைத்துவிட்டு, காலையும் மாலையும் வேலியோரம் நின்று உரக்கக் கூப்பிட்டால் போதும். பிள்ளை வாய்க்காதவர்கள் நாய் வளர்ப்பார்கள்.

முச்சனேட்டா என்றால் 'நீங்கள் களைத்துப்போவீர்கள்' என்று பொருள். அந்த 'நீங்கள்' யாரென்று பெயரில் இல்லை, ஊருக்குத் தெரியும். அவள் அம்மா கல்யாணமாகிப் பல மழைக்காலம் பிள்ளையில்லாமல் இருந்தாள். அத்தனை காலமும், வேலிக்கு அந்தப்புறத்து வீட்டிலிருந்து நாத்தனார் சிட்சி, "எந்தம்பி கட்டிக்கிட்டு வந்தது பொண்டாட்டியா, பூட்டுப் போட்ட தானியக் குதிரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சிட்சி என்றால் இரக்கம். பெயர் வைத்தவர்கள் நல்ல மனிதர்கள்.

பெண் பிறந்ததும் அம்மா பதிலைச் சொல்லிவிட்டாள்: பேசுங்கள், பேசிப் பேசிக் களைத்துப்போவீர்கள்.

சிட்சி உடனே ஒரு நாய்க்குட்டி வாங்கி, ஹண்டினேட்டி என்று பெயரிட்டாள். 'நான் களைக்கமாட்டேன்.' அது செத்தபோது அடுத்த நாய்க்கும் அதே பெயர். பொழுது சாய்ந்தால் இந்தப் பக்கம் ஒரு கூப்பாடு, அந்தப் பக்கம் ஒரு கூப்பாடு. பெண்ணும் நாயும் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். சண்டை விஷயம் அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

இதில் இன்னொரு சிக்கல். எங்கள் வழக்கப்படி ஒருத்தியைத் தலைப்பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடவேண்டும். சிட்சிக்கு ஒரு சிட்டிகை உப்பு வேண்டுமென்றாலும், "முச்சனேட்டாவோட அம்மா" என்று தன் வாயாலேயே தன்னைத் திட்டிக்கொண்டு கேட்கவேண்டும். அவள் உப்பில்லாமலே சாப்பிடப் பழகினாள்.

முச்சனேட்டா வளர்ந்தாள். முரம்பிண்டா கடைத்தெருவில் பள்ளிச் சீருடை தைத்தாள். ஃபரிராய் என்ற பேருந்து நடத்துனருக்கு வாரம் தவறாமல் சட்டைக் கை கிழிந்தது. அது எப்படிக் கிழிகிறது என்பது மூன்றாவது சட்டையில் அவளுக்கும் புரிந்துவிட்டது.

ஆனால் பெண் கேட்டு வருகிறவர்கள் நேராகப் பெண்ணின் அப்பாவிடம் போகமுடியாது. அத்தை வாய் திறக்கவேண்டும். அத்தை இல்லாத கல்யாணம் சக்கரம் இல்லாத பேருந்து. முச்சனேட்டா மண்டியிட்டு, மெல்லக் கைதட்டி வணங்கிக் கேட்டாள்.

"அத்தே, ஃபரிராய் வீட்டுக்காரங்க வரணுங்கறாங்க. நீங்கதான் முன்ன நின்னு பேசணும்."

"நானா? நான் களைச்சுப்போயிட்டேன்டி. உங்கம்மா அன்னைக்கே சொன்னாளே. வாக்கு பலிச்சிருச்சு."

"வெளையாடாதீங்க அத்தே. அறுப்புக்குள்ள பேசி முடிக்கலேன்னா அவங்கம்மா வேற பொண்ணு பாக்குறாங்களாம்."

"பாக்கட்டும். இல்லேன்னா உங்கம்மாவ வரச்சொல்லு. தப்பாப் பேரு வச்சுட்டேன்னு எம்முன்னால சொல்லட்டும்."

அம்மா வேலிக்கு இந்தப்புறத்திலிருந்தே பதில் சொன்னாள்: "எது தப்பு? களைச்சுட்டேன்னு அவளே சொல்றா. பேரு சரியாத்தானே இருக்கு."

இரண்டு பேருக்கும் வெற்றி. முச்சனேட்டாவுக்குத்தான் மாப்பிள்ளை கைவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய ஆராதனை முடிந்து சபைப் பெண்கள் சிட்சி வீட்டு மரத்தடியில் கூடியிருந்தார்கள். முச்சனேட்டாவும் அங்கே வந்து உட்கார்ந்தாள், அத்தையைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாயைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஹண்டினேட்டி, இனிமே உன்ன அப்படிக் கூப்பிடக் கூடாதுடா. அத்தை களைச்சுட்டாங்க. அவங்க வாயாலயே சொன்னாங்க. உனக்கு வேற பேருதான் பாக்கணும். 'தோத்துட்டேன்'னு வைக்கலாமா?"

சபைத் தலைவி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "சிட்சி, நீயா களைச்சேன்னு சொன்னே?"

சிட்சி நாயைப் பார்த்தாள். நாய் வாலை ஆட்டியது.

"எவ சொன்னது? ஏய், சனிக்கிழமை அவங்கள வரச்சொல்லு. நாய இறக்கி விடு."

சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுத் தூதர் வந்தார். தொப்பியோடு முற்றத்தில் நுழைந்ததற்குச் சிட்சி அபராதம் போட்டாள். தட்டில் காணிக்கை வைக்காமல் வாய் திறந்ததற்கு அபராதம். தும்மியதற்கு அபராதம், 'இனி தும்ம மாட்டேன்' என்றதற்கு, கேட்காமல் பேசினார் என்று இன்னொன்று. பெண்ணுக்கு ஈடாகத் தரவேண்டிய மாடுகளின் பேச்சு வருவதற்குள்ளேயே பொழுது சாய்ந்தது.

"அம்மா, போதும்மா," என்றார் தூதர் சிட்சியிடம். "கேக்குறத கேட்டுக்குங்க. நான் களைச்சுட்டேன்."

சமையல் குடிசையில் களி கிண்டிக்கொண்டிருந்த அம்மாவின் துடுப்பு நின்றது. அத்தனை வருடமும் தவறான ஆளைக் குறிவைத்திருந்த பெயர், கடைசியில் ஒருவர்மேல் பட்டுவிட்டது.

சிட்சி வாசலில் தலை நீட்டினாள். "முச்சனேட்டாவோட அம்மா, கொஞ்சம் உப்புக் குடு." முகம் கோணாமல் கேட்டாள். அம்மா கை நிறையக் கொடுத்தாள்.

மறுவருடம் முரம்பிண்டாவில் முச்சனேட்டாவுக்குப் பையன் பிறந்தான். பெயரால் பட்டவளாயிற்றே, யார்மேலும் படாத பெயராகத் தேடி ஸொரோரோ என்று வைத்தாள். 'ஓய்வு.'

அத்தை பார்க்க வந்தாள். "ஓய்வா? யாரப் பாத்து?"

"யாரையும் பாத்து இல்ல அத்தே."

"யாரையும் பாக்காம யாராவது பேரு வைப்பாங்களா?"

அடுத்த வாரம் மருமகனின் பேருந்திலேயே, கூடையில் ஒரு நாய்க்குட்டியோடு மறுபடி வந்தாள். "பையன் வெளையாடட்டும்," என்றாள். பெயரையும் அவளே வைத்துக் கொண்டுவந்திருந்தாள்: ண்டிச்சிரிப்போ. 'நான் இன்னும் இருக்கிறேன்.'

இப்போது முரம்பிண்டாவில் பொழுது சாயும்போது, முச்சனேட்டா வாசலில் நின்று அதைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.