கொழும்பு மேடத்தின் கண்ணாடி

நான் போட்டிருக்கும் மூக்குக்கண்ணாடிக்கு முன்பு வில்லை கிடையாது. வெறும் பிரேம். டயகமவில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்துப் பெட்டியில் கிடந்தது, கோமாளிக்காக. என் அக்கா புருஷன், மச்சான், ஒரு பகலில் அதைப் போட்டுக்கொண்டு பொம்பளையாக ஹட்டனுக்கு வந்தார்.

அப்போது நான் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக இருந்தேன். ஹட்டனில் ஏஜென்ட் தன் கந்தோர் மேசையில் நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்து வைத்தேன். அந்த வேலைக்கு எனக்கு வயது போதாது; கூட்டி எழுதியிருந்தான். தெரிந்ததும் போகமாட்டேன் என்றேன். "பாஸ்போட் வராது. கையெழுத்து ஒன்னுது. பொலிசுக்குப் போனா நீதான் உள்ள போவ" என்றான். என்னுடையதோடு ஏழு பிள்ளைகளின் பாஸ்போட் அவன் மேசை லாச்சியில் இருந்தது. அடுத்த கிழமை எல்லாரையும் பிளேனில் ஏற்றிவிடுவான்.

மச்சானிடம் போய்ச் சொன்னேன். அது மாசி மாதம். கூத்தில் அவர்தான் மன்மதன் பெண்சாதி ரதி, அதற்காக மீசை எடுத்திருந்தார். மறுநாள் அக்காவின் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, சவுரி முடியும் வைத்து வந்து நின்றார். அக்கா சேலைக்காக மட்டும் ஏசினாள். கூத்தில் எமன் வேஷம் கட்டுகிற அண்ணன் ஒருவர் மேடத்துக்கு டிரைவர் மாதிரி வந்தார். பேசக்கூடாது, முறைத்தால் போதும் என்று அவருக்குச் சொல்லியிருந்தது.

கூத்துக்காரர்கள் ஆட இறங்குமுன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவார்கள். மச்சான் அந்தப் பழக்கத்தில் ஏஜென்டின் கந்தோர் வாசலையும் குனிந்து தொட்டு ஒற்றிவிட்டார். பின்னால் நின்ற எனக்கு உயிர் போனது.

"என்ன மேடம்?"

"தோடு விழுந்திருச்சு. பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? தேடுங்க."

ரதியின் குரல். அவன் மேசைக்கடியில் தவழ்ந்தான். எமன் தலைக்கு மேலே நின்று முறைத்தார். தோடு இரண்டும் மச்சான் காதில்தான் இருந்தது.

"கொழும்புலருந்து வர்றேன். ஏழு புள்ளைங்க ஒங்க மேல எழுதிப் போட்டிருக்காங்க. இந்தா, ஒன்னு இங்கயே நிக்குது. பாஸ்போட்ட மேச மேல வைங்க."

கொழும்பில் எந்தக் கந்தோர் என்று மச்சான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டிவிட்டு லாச்சியைத் திறந்தான்.

பஸ்ஸில் கண்டக்டர், "அக்கா, முன்னுக்குப் போங்க" என்றான். மச்சான் போய் உட்கார்ந்தார். பாஸ்போட் ஏழையும் மடியில் வைத்துக்கொண்டார். தலவாக்கலை தாண்டியதும் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வந்தது. பிரேமைக் கழற்றாமல் உள்ளே விரலை விட்டுத் துடைத்தார். கண்டக்டர் டிக்கட் கிழிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றான்.

அந்தக் கந்தோர் பிறகு பூட்டித்தான் கிடந்தது. எங்களில் மூன்று பேர் சரியான வயதோடு வேறு வழியாகப் போய் நல்லபடி திரும்பி வந்தார்கள். நான் போகவில்லை.

இப்போது எனக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்கல். "வில்ல போட்டுக்க" என்று மச்சான் அந்தப் பிரேமையே தந்தார். இந்த மாசிக்கும் அவர்தான் ரதி. இடுப்புத்தான் வலிக்கிறதாம்.

வெளிநாட்டுத் தாளோடு வருகிற பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டியாவது நான் எல்லா வரியையும் படித்துக் காட்டுகிறேன். போன கிழமை ஒருத்தி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"யாரு கண்ணாடிக்கா இது? ஒங்களுக்குப் பெருசா இருக்கு."

"கொழும்பு மேடத்தோடது. மொதல்ல வயசச் சொல்லு."