அம்சம் வெட்டிய வாய்க்கால்

கழியை ஊன்றிப் படகை நிறுத்துகிறார் அம்சம். புடவையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு சேற்றில் குதிக்கிறார். வாய்க்கால் வாயில் அடைத்துக் கிடக்கும் பாசியைக் காலாலேயே தள்ளிவிட்டு ஏறிக்கொள்கிறார். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் இதே வேலைதான். சுற்றுலா வந்தவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். "செத்த இருங்க, காட்டுக்கு மூச்சு முட்டுதுல்ல" என்பார்.

முத்துப்பேட்டைப் பக்கத்து அலையாத்திக் காட்டில் படகு ஓட்டும் அம்சத்துக்கு ஐம்பது வயது. கடலோரத்தில் பிறந்தவர் அல்ல. குடவாசல் பக்கம் நடவாள் வீட்டுப் பெண். கூலிக்கும் குத்தகைக்கும் கொடி பிடித்த குடும்பம். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தபின், அலையாத்திக் கன்று நட ஆள் கேட்டார்கள் என்று முதல் ஆளாய்ப் போய் நின்றிருக்கிறார். போய் என்ன செய்தார் தெரியுமா? நட்ட இடத்தைச் சுற்றி அழகாக வரப்புப் போட்டு, நெல்வயல் மாதிரி தண்ணீரைத் தேக்கிவிட்டார்! உப்பு ஏறி அத்தனை கன்றும் கருகிப்போயின.

"நெல்லுக்குத் தண்ணி நிக்கணும். இதுக்கு வந்து வந்து போவணும். அது புரியவே எனக்கு ஒரு வருசம் ஆச்சுங்க" என்று சிரிக்கிறார். பிறகு அவரே வரப்பை உடைத்து, கடல் தண்ணீர் ஏறி இறங்க வாய்க்கால் வெட்டிப் புதுக் கன்று நட்டார். பன்னிரண்டு வருடத்தில் காடு தலைக்கு மேலே நிற்கிறது.

நான் போன அன்று அந்தக் காட்டுக்கே ஆபத்து. முன்வரிசை மரங்களை வெட்டிக் கருங்கல் சுவர் எழுப்பி, பயணிகள் உட்கார்ந்து கடல் பார்க்க மேடை கட்டலாம் என்று ஒரு திட்டம். சுவருக்கு முளைக்குச்சிகூட அடித்தாகிவிட்டது. முடிவு எழுத வந்த அதிகாரி பஞ்சநதம் படகில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் காட்டுக்கு என்னம்மா மதிப்புப் போடுறது?" என்றார் அவர்.

"கஜா புயல்ல எங்க தெருவுல ஓடுதான் போச்சு, வீடு போவல. காடில்லாத அடுத்த ஊர்ல ஒரு தென்னை நிக்கல. அதை எழுதிக்குங்க சார்." கழியை ஓங்கி ஊன்றினார் அம்சம். "அப்புறம் இன்னொண்ணு. சுவத்தைப் பாக்க யாரு சார் படகேறி வருவா?"

படகு வளைவில் திரும்பியது. இரண்டு பக்கத்துக் கிளைகளும் மேலே கூடி நிற்க, நாரைக் கூட்டம் ஒன்று சடசடவென்று எழும்பியது. பஞ்சநதம் கையிலிருந்த ஃபைலை விட்டுவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். படகு ஆடியது.

"உக்காருங்க சார், கவுந்துரும்."

உட்கார்ந்தவர் கரை வரும்வரை அண்ணாந்தே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கியதும், "சுவர் வேணாம்னு எழுதிடுறேம்மா. படகுத்துறையை மட்டும் நல்லா கட்டுவோம்" என்றார். எனக்கு விசிலடிக்கலாம் போலிருந்தது. அம்சம் என்ன சொல்கிறார் என்று திரும்பினால் ஆளைக் காணோம்.

சேற்றுக்குள் இறங்கியிருந்தார். சுவருக்கு அடித்திருந்த முதல் முளைக்குச்சியைப் பிடுங்கி எறிந்தார். மடியிலிருந்து முருங்கைக்காய் போல நீண்ட, சுரபுன்னை என்னும் அலையாத்தி மரத்தின் விதை ஒன்றை எடுத்து, குச்சி இருந்த குழியில் செருகினார். அடுத்த குச்சியை நோக்கி நடந்தார்.