எருமைகளைப் பற்றி நான் எழுதிய இரண்டு கடிதங்கள்

ஏரியைச் சுற்றி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பறவை காட்டுவது என் வேலை. இதைச் சொன்னால் ஊரில் என் அண்ணன் இன்னும் சிரிக்கிறான். அம்பத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பதினோரு வருஷம், அடுத்தவர் எழுதியதில் தப்பு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கினேன். ஒரு திங்கட்கிழமை எங்கள் குழு மொத்தத்தையும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். வேறு வேலை தேடுகிற நாட்களில், வீட்டில் உட்கார்ந்தால் எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன் என்று காலையில் ஏரிப் பக்கம் நடக்கப் போனேன். ஆவடிக்கு அந்தப் பக்கம், முத்தாபுதுப்பேட்டை போகிற வழியில் இருக்கிறது ஏரி. எங்கள் அப்பார்ட்மென்ட் மாடியிலிருந்து பார்த்தாலே தெரியும். நடந்த இடத்தில் பறவை பிடித்துப்போய், புத்தகம் வாங்கி, பைனாகுலர் வாங்கி, கடைசியில் பள்ளிக்கூடங்களும் கம்பெனிகளும் கூப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டது.

காலை ஆறு மணிக்குக் கரை ஏறினால் முதலில் ஆள்காட்டிக் குருவி கத்தும். நாங்கள் வந்துவிட்டோம் என்று ஏரி முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் ஓயும். மதகுப் பக்கம் ஒரு கீரி தினமும் அதே இடத்தில் பாதையைக் கடக்கும், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தண்ணீர்ப்பாம்பு கல் இடுக்கில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். நாமக்கோழி, முக்குளிப்பான், நீலத்தாழைக்கோழி எல்லாம் நிரந்தரக் குடித்தனம். மார்கழி, தையில் வாத்துகள் வந்து இறங்கும். கூட வருகிறவர்கள் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். இது என்ன சாப்பிடும் என்பது ஒன்று. இதைச் சாப்பிடலாமா என்பது இன்னொன்று.

காலை ஏழரைக்கு எருமைகள் வரும். ஒன்பது எருமைகள், பின்னால் ஒரு குச்சியோடு என் வயசுப் பெண் ஒருத்தர். ஏரிக்குப் பின்னாலிருக்கிற பழைய ஊர்க்காரர். அவர் பால் எங்கள் அப்பார்ட்மென்டில் ஆறு வீட்டுக்கும் பஸ் நிறுத்தத்து டீக்கடைக்கும் போகும். நான் அவரை அக்கா என்பேன். அவருக்கு நான் வெறும் ‘இன்னாமா’. வீட்டுக்காரர் திருமழிசையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். அந்தச் சம்பளம் அவர் மருந்துக்கே சரியாகப் போகும் என்று அக்கா ஒரு தடவை சொல்லியிருக்கிறார். வீடு நடந்ததும், மகளை நர்சிங் படிக்க வைத்ததும் எருமைகளை வைத்துத்தான். எருமைகளை வைத்திருக்க முடிந்தது ஏரியை வைத்து. ஏரிப் புல் இல்லையென்றால் தீவனம் கடையில் வாங்க வேண்டும், அப்புறம் மாடு எனக்குச் சம்பாதிக்காது, நான்தான் மாட்டுக்குச் சம்பாதிக்க வேண்டும் என்பார்.

அவர் மேல் எனக்கு எரிச்சல் உண்டு. மறைத்து என்ன ஆகப்போகிறது. நான் அரை மணி நேரம் எல்லாரையும் வாயை மூட வைத்து, குனிய வைத்து, ஒரு நாரையைக் காட்டப்போகிற நேரத்தில் எருமைகள் தொபுக்கென்று தண்ணீரில் இறங்கும். பறவைகள் எழும்பும். கூட்டத்தில் யாராவது சாணியை மிதிப்பார்கள். அந்த ஷூவைப் பற்றிய புலம்பல் முடிவதற்குள் என் நேரம் முடிந்துவிடும்.

சண்டை வந்தது ஆவணி மாசத்தில். நீளவால் இலைக்கோழி ஒன்று குஞ்சு பொரித்திருந்தது. மிதக்கிற இலை மேல் நடக்கிற பறவை. குஞ்சுகளை வளர்ப்பது அதில் அப்பன்தான். இதைச் சொன்னால் பெண்கள் எல்லாரும் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அன்றைக்கு ஒரு பெரிய கம்பெனியிலிருந்து இருபது பேர் வந்திருந்தார்கள். நன்றாகக் காட்டினால் மாதாமாதம் அழைப்பு வரும். நான்கு குஞ்சுகளும் வெளியே வந்து நிற்கிற நேரம், நடுவில் எருமைகள். குஞ்சுகள் மறைந்தன. இருபது பேரும் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மாட்டை அரை மணி நேரம் கழித்து விட்டால் என்ன குடிமுழுகிப்போகும் என்று நான் எல்லார் முன்னாலும் கத்தினேன். அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

“குருவிக்கு இது தெனிக்கும் பாக்கிற மாடுமா. அது இன்னாத்துக்கு பயப்படப் போவுது? நீ கூட்டியாந்த ஆளுங்கதான் பயந்துகினு கீறாங்க.”

இருபது பேரில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகம் எரிந்தது.

அந்த வாரமே எங்கள் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் வந்து நின்றார். மாநகராட்சியில் ஏரிக்கு நடைபாதையும் வேலியும் போடப்போகிறார்கள், மாடுகளை உள்ளே விடக்கூடாது என்று சங்கம் மனு கொடுக்கிறது, கூடவே பறவை தெரிந்தவர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றார். இந்த மனிதர் அதற்கு முந்தின கோடையில் குடும்பத்தோடு ஆப்பிரிக்கக் காட்டுக்குப் போய் வந்தவர். சிங்கம், யானை, அப்புறம் காட்டெருமை என்று ஒரு வாரம் எங்களையெல்லாம் உட்கார வைத்துப் படம் காட்டினார். எருமை முதுகில் குருவி உட்கார்ந்திருக்கிற படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கூடத்தில் மாட்டியிருந்தார். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் இந்த ஊர் எருமையை விரட்டுகிற கடிதத்தை நான் எழுதினேன். இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை.

நன்றாகவே எழுதினேன். எழுத எனக்கு வரும். கால்நடைகள் இறங்கும்போது நீர்ப்பறவைகள் கலைகின்றன, இனப்பெருக்கக் காலத்தில் குஞ்சுகளுக்கு ஆபத்து, மூன்று ஆண்டுகளாகத் தினமும் நேரில் கவனித்து வருகிறேன் என்று இரண்டு பக்கம். பெயருக்குக் கீழே ‘இயற்கை வழிகாட்டி’ என்று போட்டுக் கையெழுத்திட்டேன். அப்படிப் போடுவது அதுதான் முதல் தடவை, பெருமையாகக்கூட இருந்தது.

பொங்கலுக்கு முன்னால் வேலி முடிந்து கேட் போட்டார்கள். முதல் நாள் காலை எருமைகள் வழக்கம்போல் வந்து கேட்டில் நின்றன. காவலாளி ஒரு தாளை எடுத்துக் காட்டி ஏதோ சொல்வது கரையிலிருந்து தெரிந்தது. அக்கா அந்தத் தாளைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் பைனாகுலரை ஒரு மீன்கொத்தி பக்கம் திருப்பிக்கொண்டேன். திரும்பப் பார்த்தபோது எருமைகள் ரோட்டோரமாகப் போய்க்கொண்டிருந்தன.

பெரிய ரகளை வரும் என்று சங்கத்தில் எதிர்பார்த்தார்கள். ஏரியில் மேய்ப்பது அந்த ஊருக்குத் தலைமுறையாக இருக்கிற பாத்தியதை. ஊரே திரண்டு வரும், கவுன்சிலர் வருவார் என்று செயலாளர் போலீசுக்குக்கூட மனு தயாராக வைத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. அக்கா காலி மனைகளிலும் சர்வீஸ் ரோட்டு ஓரத்திலும் மேய்த்தார். கோடையில் அங்கேயும் புல் காய்ந்தது. வைக்கோல் வாங்கினார். அப்புறம் எருமைகளை ஒன்றும் இரண்டுமாக விற்று, குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்ப ஆரம்பித்தார். எங்கள் ஆறு வீடுகளும் பாக்கெட் பாலுக்கு மாறின. நாங்கள்தான் ஆறாவது வீடு.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. மார்கழியில் வாத்துக்காகக் காத்திருந்தேன். வந்தன. ஏரிக்கு மேலே இரண்டு வட்டம் போட்டுவிட்டு வடக்குப் பக்கம் போய்விட்டன. அடுத்த வாரமும் அப்படியே. இறங்குவதற்குத் தண்ணீர் இல்லை. தண்ணீர் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. கரையோரம் முழுக்க ஆள் உயரத்துக்குச் சம்புக்கோரை வளர்ந்து நின்றது. நடுவில் ஆகாயத்தாமரை மூடியிருந்தது. நாரைகள் நின்று மீன் பிடிக்கிற முழங்கால் ஆழப் பகுதி காணாமல் போயிருந்தது. இலைக்கோழி அந்த ஆவணியிலேயே வரவில்லை. தாமதமாக வரும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். மிஷின் வைத்து ஒரு தடவை சம்பை வெட்டினார்கள். இரண்டு மாசத்தில் முன்னைவிட அடர்த்தியாக வந்தது.

நான் தினமும் குறிப்பு எழுதுகிறவள். எப்போதிலிருந்து குறைந்தது என்று பார்க்கப் பழைய நோட்டுகளை எடுத்து உட்கார்ந்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது. ‘7.35, எருமை இறங்கியது, கொக்குகள் எழும்பின.’ அதற்கு அடுத்த வரி: ‘7.40, எருமைக்குப் பின்னாலேயே இறங்கி மேய்கின்றன.’ பக்கம் பக்கமாக இப்படித்தான். எருமை மிதித்துக் கலக்கிய இடத்தில் உள்ளான் குருவிகள். எருமை சம்புக் குருத்தைத் தின்று திறந்துவிட்ட இடத்தில் நாரைகள். இலைக்கோழிக் குஞ்சுகள்கூட அந்தச் சண்டை நடந்த அன்றே எட்டு மணிக்கு மறுபடி வெளியே வந்து நின்றதாக எழுதி வைத்திருக்கிறேன். கடிதம் எழுதியபோது நான் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவது வரியை விட்டுவிட்டேன். வேண்டுமென்றே விட்டேனா என்று கேட்டால், சத்தியமாகத் தெரியவில்லை. கோபத்தில் இருந்தேன், அது மட்டும் தெரியும். பதினோரு வருஷம் அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தவளுக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாவது கடிதம் எழுதினேன். மூன்று வருஷக் குறிப்புகளையும் நகல் எடுத்து இணைத்தேன். மாநகராட்சி அலுவலகத்தில் அதிகாரி என் இரண்டு கடிதங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “வேணாம்னு எழுதினதும் நீங்கதானேம்மா?” என்றார். ஆமாம் சார், நான்தான், அது தப்பு என்றேன். அவர் சிரித்தார். கோப்பு நகரவில்லை. நான்கு மாசம் நடந்தேன். செயலாளரிடம் எத்தனையோ தடவை பேசினேன். அவர் கடைசியில் இறங்கி வந்ததற்குக் காரணம் பறவை இல்லை, கொசு.

இதற்கிடையில் அக்காவின் வீட்டுக்கும் போனேன். அப்போது நான்கு எருமைகள் பாக்கி. ஏரியைத் திறக்கப் பார்க்கிறோம், கொஞ்சம் பொறுங்கள், மீதியை விற்றுவிடாதீர்கள் என்று சொன்னேன். யார் மூடியது என்று சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவர் பார்ப்போம் என்றார். அடுத்த மாசம் அவர் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் படுத்தார். இரண்டு எருமைகள் போயின.

ஆனி மாசம் உத்தரவு வந்தது. காலை பத்து முதல் மாலை நான்கு வரை, பத்து மாடுகளுக்கு மேல் போகாமல் மேய்க்கலாம். நான் தாளை எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்கு ஓடினேன். படித்துக் காட்டினேன். பத்து மாடு வரைக்கும் என்ற இடத்தில் அவர் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். நின்றது இரண்டுதான்.

மறுநாள் பத்து மணிக்கு அந்த இரண்டையும் ஓட்டிக்கொண்டு வந்தார். கேட்டைக் காவலாளி திறந்தான். முன்னால் நின்ற எருமை நேராகப் போய்ச் சம்பில் வாயை வைத்தது. அவ்வளவு பெரிய காட்டில் இரண்டு எருமை தின்று என்ன திறக்கும்? கணக்குப் போட்டுப் பார்க்கவே எனக்கு மனசு வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இன்றைக்கும் சொல்லவில்லை என்றால் இனி எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

“அக்கா, மாட்ட விடக்கூடாதுன்னு எழுதிக் குடுத்தது நான்தான். தப்பா எழுதிட்டேன். மன்னிச்சுக்கோங்க.”

அவர் எருமைகளிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெர்யும்மா. வாட்ச்மேன் மொத நாளே தாளக் காட்டி சொல்ட்டான்.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். தெரிந்துமா என் மேல் கோபப்படவில்லை, ஏன் சண்டைக்கு வரவில்லை என்று கேட்டேன்.

“ஊர்ல எல்லாரும் கிளம்பிட்டாங்க. நான்தான் வாணாம்னு நிறுத்திட்டேன். நீ தெனிக்கும் வந்து பாத்துகினு, எழுதிகினு கீற பொண்ணு. நான் சும்மா மாட்டு பின்னாடி போறவ. நீயே எழுதி குட்த்துட்டன்னா, நம்ம மாடுதான் அதுங்கள தொந்தரவு பண்ணுது போல, நமக்குத்தான் இத்தினி நாளா தெர்யலன்னு நெனச்சிகினேன்.”

அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊர் மொத்தமும் கேட்டில் வந்து நின்றிருக்கும், என் இரண்டு பக்கக் கடிதம் ஒரு வாரம் தாங்கியிருக்காது. ஒன்பது எருமைகளும் இன்றைக்கு அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும். அவர் என்னை நம்பிவிட்டார்.