தோசைக்கல் முன்னால் நிற்க ஒரு மாத்திரை

ஜாதவ்பூரில் நான் தோசைக்கடை போட்டிருக்கிறேன். நாளெல்லாம் நிற்க வேண்டும், கால்தான் பிழைப்பு. கால் கட்டைவிரல் வீங்கி வலித்தபோது, கவுட் என்னும் மூட்டுவாதம் என்று சொல்லி, யூரிக் ஆசிட் குறைய டாக்டர் தினசரி மாத்திரை கொடுத்தார். மூன்றாவது வாரமே கட்டைவிரல் மறுபடி வீங்கியது. மாத்திரைதான் காலைக் கெடுக்கிறது என்று பயந்து நானாகவே நிறுத்திவிட்டேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான்; மருந்து அட்டையில் எழுதியிருப்பது புரியாது. பக்கத்து டீக்கடை தாதா (இங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தன் வலி மாத்திரையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

மனைவி விடவில்லை. "உங்களுக்குக் கிட்னி வீக்குன்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? தாதா மாத்திரை தாதா காலுக்கு. கேட்டுட்டு முழுங்குங்க."

இரண்டு மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டினேன். தாதாவின் மாத்திரை என் கிட்னிக்கு ஆகாதாம். தினசரி மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்கள் வலி எட்டிப்பார்க்குமாம், அதற்காக அதை விடக்கூடாதாம். வலிக்கு வேறொரு சின்ன மாத்திரை, குறைந்த அளவில் எழுதினார். தோலில் தடிப்பு வந்தால் மட்டும் தினசரி மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொன்னார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

"பூதக்கண்ணாடி வேணுமா?" என்கிறாள் மனைவி.

தடிப்பு ஒன்றும் இல்லை. மாத்திரையை விழுங்கிவிட்டுச் செருப்பை மாட்டுகிறேன். கட்டைவிரல் நோகாமல் வாருக்குள் நுழைகிறது.