கோட்டுப் போட்ட அமரர்கள்

எமனுக்கு ஆள் கணக்கில் சந்தேகம் வந்தால் நேராகச் சேலையூருக்குத்தான் போன் போடுவான். "மிஸ், பல்லாவரத்துலேர்ந்து ஊரப்பாக்கம் வரைக்கும் போன வாரம் யார் யாரைத் தூக்கினேன், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கெஞ்சுவான். ஜோசலின் மிஸ்ஸும் திருத்திக்கொண்டிருந்த டிராயிங் நோட்டுகளை ஒதுக்கிவிட்டு, ஆளையும் மீசையையும் டையின் நிறத்தையும் பிசகாமல் ஒப்பிப்பார். செத்தவர்களைப் பற்றி அவரளவுக்குத் தெரிந்தவர்கள் செத்தவர்களில்கூடக் கிடையாது.

இதெல்லாம் உதயாவுக்குப் பின்னால்தான் தெரிந்தது. முதல் தடவை பார்த்தபோது அவரைத் திருடி என்றுதான் நினைத்தாள்.

உதயாவுக்குப் பதினெட்டு வயது. பிளஸ் டூவில் கணக்கு அவளைக் கைவிட்டது. அவள் பிளஸ் டூவையே கைவிட்டுவிட்டு, முடிச்சூர் ரோட்டில் ஷ்யாம்சுந்தரின் பிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கைதான். கட்சிக்காரர்களின் தொப்பையை பேனரில் இலவசமாகக் கரைத்துக் கொடுப்பாள். யாராவது ரொம்பப் பேரம் பேசினால் அடுத்த பேனரில் தொப்பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

ஒருநாள் காலையில் மேற்குத் தாம்பரம் ஸ்டேஷன் ஓரத்துச் சுவரில், அவள் டிசைன் செய்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றை ஒரு பெண்மணி உரித்துக்கொண்டிருந்தார். தலையில் ஹெல்மெட், கழுத்தில் டிராயிங் டீச்சர் என்று போட்ட பள்ளிக்கூட அடையாள அட்டை, ஒரு கையில் தண்ணீர் ஸ்பிரே, மறு கையில் தோசைத் திருப்பி.

"அக்கா, இன்னா பண்றீங்க? அவங்க வூட்டாளுங்க பார்த்தா அடி வுழும்."

"பதினாறு முடிஞ்சதைத்தாம்மா எடுக்கறேன்" என்றார் அவர், கிழியாமல் எடுக்கும் கவனத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல். பிறகு போஸ்டரைச் சுருட்டி, கைக்குழந்தையைப் போல ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

திருடுகிறவர் பதினாறாம் நாள் வரை பொறுப்பாரா? அதுதான் உதயாவுக்கு இடித்தது. கடைக்குப் போய்ச் சொன்னாள்.

"லேண்ட் பார்ட்டி" என்றார் ஷ்யாம்சுந்தர் யோசிக்காமல். "சாவு விழுந்த வீட்டுல பாகப்பிரிவினை வரும். முன்னாடியே போய் அமுக்கிப் போடற ஆளு."

"இல்லண்ணா, எனக்கு இன்னமோ மாந்திரீகம்னு தோணுது."

"டிராயிங் டீச்சர் மாந்திரீகம் பண்ணுமா?"

"மாந்திரீகத்துக்கும் கோலம் போடணும்ல?"

அடுத்த வாரம் அந்த அம்மாவே கடைக்கு வந்தார். மேஜையில் போஸ்டர்களை ஒவ்வொன்றாக விரித்தார். இயற்கை எய்தியவர், கர்த்தருக்குள் நித்திரை அடைந்தவர், சிவலோகப் பதவி பெற்றவர். மதம் வேறு, தெரு வேறு, மூக்கு வேறு. எல்லார் உடம்பிலும் ஒரே கருநீலக் கோட்டு, ஒரே சிவப்பு டை.

"இந்தக் கோட்டு யாரோடது சார்?"

ஷ்யாம்சுந்தர் முகம் செத்துவிட்டது. அது ஒரு துணிக்கடை விளம்பரத்தில் நின்ற மாடலுடைய கோட்டு. மாடலின் தலையை வெட்டிப் போட்டுவிட்டு உடம்பை மட்டும் வைத்துக்கொண்டதுதான் நடந்த கதை. இந்த அம்மா துணிக்கடைக்காரர் அனுப்பிய ஆள், கேஸ் போட வந்திருக்கிறார் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

"கஸ்டமர் குடுக்கற போட்டோ மேடம். எங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

ஜோசலின் மிஸ் பொறுமையாகச் சொன்னார். வேலை பார்த்துக்கொண்டே நுண்கலையில் பிஎச்டி செய்கிறார். இந்தப் பக்கத்துச் சாவுப் போஸ்டர்களில் வரும் முகங்கள்தான் ஆராய்ச்சி. பல்கலைக்கழகம் கொடுத்த நீட்டிப்பெல்லாம் இந்த வருடத்தோடு முடிகிறது. வழிகாட்டியான தனசிங் சாருக்கு முதலிலிருந்தே இதில் நம்பிக்கை இல்லை. "எல்லாம் ஒரே கோட்டுன்னு கண்டுபிடிச்சே, சரி. மாட்டிவிட்டது யாரு? எதுக்கு மாட்டினாங்க? அந்த ஆள் வாயால வரணும். இல்லேன்னா இது வெறும் யூகம், நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

"மாட்டினவங்க பேர் வராது. கடைப் பேரும் வராது. பேசினா போதும்" என்றார் மிஸ்.

ஷ்யாம்சுந்தர் மறுபடியும் ஒன்றும் தெரியாது என்றார். உதயா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். மிஸ் போனதும் ஷ்யாம்சுந்தர் சிரித்தார். "சாவு போஸ்டர்ல பிஎச்டியாம்! யார் காதுல பூ சுத்தறாங்க?"

மாட்டியது உதயாதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆட்டோக்காரரின் மனைவி வந்திருந்தார். புருஷன் முகம் இருந்த ஒரே படம் யாரோ ஒருவர் கல்யாணத்துக் கும்பல் படம். அதிலும் முன்னால் நின்றவரின் தோளுக்குப் பின்னாலிருந்து அவர் தலை மட்டும் எட்டிப் பார்த்தது. கீழே வைக்க உடம்பில்லை. உதயா இணையத்தில் தேடி அந்தக் கோட்டைப் பிடித்து மாட்டினாள். அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, திரையில் புருஷனின் காலரைத் தொட்டுப் பார்த்தார். "ஆபீசர் மாரி கீறாருப்பா" என்றார். அன்றிலிருந்து சட்டை கிழிந்தவர், சட்டையே போடாதவர், யாராக இருந்தாலும் சரி, கேட்காமலே கோட்டு. இதை உதயா யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கறாரான ஆள் என்ற அவளுடைய பெயர் கெட்டுவிடும்.

மிஸ் நிஜமாகவே படிக்கிறவர்தானா, வேவு பார்க்கிறவரா? கண்டுபிடிக்க அவள் ஒரு ஆளைச் சாகடித்தாள். ஷ்யாம்சுந்தருடைய கண், டீ மாஸ்டருடைய மீசை, ஒரு கவுன்சிலரின் காது, நடுவில் எங்கிருந்தோ ஒரு மூக்கு. கீழே வழக்கமான கோட்டு. 'அமரர் பி. சாம்பசிவன், ஊரப்பாக்கம். கண்ணீருடன் நண்பர்கள்.' ஒரு பிரிண்ட் எடுத்து ஸ்டேஷன் சுவரில் ஒட்டினாள். லேண்ட் பார்ட்டி என்றால் சாம்பசிவன் வீட்டைத் தேடி ஊரப்பாக்கத்தைச் சல்லடை போடுவார். படிப்பு என்றால் பேசாமல் உரித்துக்கொண்டு போவார். பதினாறு நாளும் சாம்பசிவன் சுவரில் இருந்தார். மறுநாள் காலையில் இல்லை.

ஓ, நிஜமாகவே படிப்புதானா என்று உதயாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் சிரிப்பு வந்தது.

சிரிப்பு ஒரு மாதம்தான் நீடித்தது. மிஸ் ஒரு பென் டிரைவோடு வந்தார்.

"கலர் பிரிண்ட் வேணும்மா. வியாழக்கிழமை தனசிங் சார் கையில குடுக்கணும். இதுதான் கடைசி."

உதயா பக்கங்களை ஓட்டிப் பார்த்தாள். நூற்றுப் பத்தாம் பக்கம் முழுக்கச் சாம்பசிவன். எதிர்ப் பக்கம் முழுக்க அவரைப் பற்றிய புகழ்ச்சி. 'வாழ்நாள் உழைப்பில் களைத்த கண்கள்' என்று எழுதியிருந்தது. அவை ஷ்யாம்சுந்தருடைய கண்கள். உழைப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

ஏற்கெனவே நம்பாத தனசிங் சாருக்கு இந்த ஒரு ஆள் பொய் என்று தெரிந்தால் போதும். மற்ற அமரர்கள் அத்தனை பேரையும் சந்தேகப்படுவார். பிரிண்டுக்காகக் காத்திருந்த மிஸ் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். பசையிலும் தண்ணீரிலும் ஊறி ஊறி அவர் விரல்நுனித் தோல் உரிந்திருந்தது.

"மிஸ், மிஷின் மக்கர் பண்ணுது. சாயங்காலம் வாங்க" என்று எழுப்பி அனுப்பினாள்.

பிறகு சாம்பசிவனைத் தூக்கினாள். அவள் பழைய ஃபைல்களில் ஊரப்பாக்கத்து லைன்மேன் ஒருவர் இருந்தார். உண்மையாகவே வாழ்ந்து உண்மையாகவே செத்தவர். அவரை உட்காரவைத்து, பெயரை மாற்றினாள். களைத்த கண்கள் அவருக்குப் பொருத்தமாகத்தான் இருந்தன.

சாயங்காலம் மிஸ் வந்தபோது ஷ்யாம்சுந்தர் டீ குடிக்கப் போயிருந்தார். மிஸ் முன்பக்கம், பின்பக்கம் எதையும் பார்க்கவில்லை. நேராக நூற்றுப் பத்தைத் திருப்பினார்.

"சாம்பசிவன் எங்கம்மா?"

"எந்தச் சாம்பசிவன் மிஸ்?"

"இங்க இருந்தவர்."

"ஓ, அதுவா? ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு மிஸ்."

"கரப்ட் ஆன இடத்துல லைன்மேன் வந்து உட்கார்ந்துக்கிட்டாராக்கும்?"

உதயா பிரிண்டரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"இந்த ஊர்ல ஒருத்தர் செத்தா ஸ்டேஷன்லேர்ந்து அவர் வீட்டு வாசல் வரைக்கும் ஒட்டுவாங்க" என்றார் மிஸ். "சாம்பசிவனுக்கு ஒண்ணே ஒண்ணு. பதினாறு நாளும் சுவர் சுவரா தேடினேன். அப்பவே தெரிஞ்சுபோச்சு, இவர் சாகல, பொறக்கவே இல்லைன்னு."

"அப்புறம் எதுக்கு மிஸ் உள்ள வெச்சீங்க?"

"எல்லாக் கடையும் கையை விரிச்சிட்டாங்க, வேற என்ன செய்ய? அதான் இதே பென் டிரைவை நாலு கடையில குடுத்தேன். மூணு கடையில சாம்பசிவன் உட்கார்ந்த இடத்துலயே உட்கார்ந்திருந்தார். இங்கதான் எழுந்து போயிட்டார். அவர் பொய்னு தெரிஞ்சது அவரை உண்டாக்கினவங்களுக்கு மட்டும்தானே? இது தனசிங் சாருக்குப் போற காப்பி இல்ல."

போனை மேஜைமேல் வைத்து ரெக்கார்டரை ஓடவிட்டார். "சொல்லு. எல்லாருக்கும் ஏன் கோட்டு மாட்டினே?"

"சும்மா மிஸ். வேலை ஈஸி, அதான்."

மிஸ் லைன்மேனின் காலர்மேல் ஒரு விரலை வைத்தார்.

"படத்தை வெட்டும்போது காதுகிட்ட இருக்கற நரைமுடி ஒண்ணுகூட அறுந்துபோகாம ஓரம் ஓரமா வெட்டியிருக்கே. ஈஸி வேலைக்கு யாரும்மா இவ்வளவு நேரம் உட்காருவாங்க?"