கிணற்றுப் பங்கும் என் இளவரசியும்

என் முதல் நாவலில் ஓர் இளவரசியைப் பகை நாட்டு அரசனுக்குக் கட்டிக் கொடுத்தேன். இரண்டு அரசுகளுக்கும் ஓர் ஆற்றுத் தண்ணீருக்காகச் சண்டை. கல்யாணத்தோடு மதகு திறந்தது. பறக்கும் யானைக்கு மூன்று அத்தியாயம் எழுதிய நான், சம்மதம் கேட்கப்பட்ட நேரத்தில் அவளுக்குக் கொடுத்தது ஒரே வரி: 'தலை குனிந்து நின்றாள்.' நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

அது இணையத்தில் தொடராக வந்துகொண்டிருந்தபோதுதான் உரும்பிராயில் எங்கள் வீட்டுக்குப் பெரியப்பா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை பக்கத்துத் தோட்டக்காரரின் மகன். நடுவில் இருக்கும் பங்குக் கிணற்றில் யார் எந்த நாள் இறைப்பது என்று இரண்டு வீடும் வருஷக்கணக்காக வழக்காடிக்கொண்டிருந்தன. எங்கள் பங்கை எனக்குச் சீதனமாக எழுதிவிட்டால் கிணறு முழுவதும் ஒரே வீட்டுக்குள் வந்துவிடும், வழக்கும் முடியும். இதுதான் திட்டம்.

"உன்ரை பேரிலைதானே பிள்ளை எழுதப் போறம். பிறகென்ன?" என்றார் பெரியப்பா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் தேசவழமைச் சட்டப்படி கல்யாணமான பெண் தன் காணியை விற்கவும் புருஷனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அதைச் சொன்னேன்.

அவர் அசையவில்லை. "உன்ரை கதையை நானும் வாசிச்சனான். அந்தப் பிள்ளை பேசாமல் போனதாலைதானே ரெண்டு நாடும் தப்பினது. நீயே எழுதிப்போட்டு இப்ப ஏன் துள்ளுறாய்?"

எனக்கு அவரை விட என் மேல்தான் கூடக் கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பத்திரம் எழுதும் நொத்தாரிசையும் கூட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்தார்கள். "ஆக்களுக்கு முன்னாலை ஒண்டும் கதையாதை," என்று அம்மா குசினியில் தேநீர் ஊற்றும்போதே சொல்லிவிட்டார். நொத்தாரிசு சீதன உறுதிப் பத்திரத்தின் நகலை வாசித்தார். கிணறு, வாய்க்கால், வழி, இரண்டு பனை எல்லாம் விபரமாக வந்தன. என் சம்மதத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

தேநீர்த் தட்டை மேசையில் வைத்தேன்.

"எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம். கிணத்துக்கு முறை வைக்கிறதெண்டால் நீங்கள் இருந்து கதையுங்கோ."

பெரியப்பா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் வேறு வழியில்லாமல் இரண்டு வீட்டு ஆண்களும் கிணற்றடியில் கூடினார்கள். ஆளுக்கு மூன்று நாள், ஞாயிறு யாருக்கும் இல்லை என்று முடிவாயிற்று. அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. அந்த அரை மணித்தியாலத்தை மிச்சம் பிடிக்கத்தான் என்னை எழுதிக் கொடுக்கப் பார்த்தார்கள்.

அன்றிரவு நாவலைத் திறந்து பார்த்தேன். நாற்பது அத்தியாயத்தில் ஓர் இடத்தில்கூட அந்த இரண்டு அரசர்களையும் நான் நேரில் இருந்து பேச விடவில்லை.