அக்காவின் தழும்பும் அத்தானின் சாட்சியும்

என் அக்கா புருஷன் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அங்கே அவருக்குப் பட்டப்பெயர் 'விடுதலை'. வாயைத் திறந்தால் "கர்த்தர் என்னை விடுதலையாக்கினார்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. டீ குடிக்க ஒதுங்குகிறவனைக்கூட விடமாட்டார்.

குடியை விட்டது உண்மைதான். ஞானஸ்நானம் எடுத்த பிறகு ஒரு சொட்டு தொடவில்லை. எனக்கு இவரைக் குடிகாரராகவும் பிடிக்காது, பரிசுத்தவானாகவும் பிடிக்கவில்லை.

ஞாயிறுதோறும் சபையில் சாட்சி சொல்வார். முன்பு ஒருநாள் போதையில் சாப்பாட்டுத் தட்டை வீசி அக்காவின் நெற்றியைக் கிழித்தார். நடந்தது அதுதான். சாட்சியில் அந்தத் தட்டு கட்டையாகி, கட்டை இரும்புக் கம்பியாகிவிட்டது. மனுஷனுக்குப் பாவத்தில்கூடப் பதவி உயர்வு கேட்கிறது. கதை அந்த இடத்துக்கு வந்ததும் அக்கா மேடையேறி, முடியை ஒதுக்கித் தழும்பைக் காட்ட வேண்டும். சபை அழும். அத்தானும் கண்ணைத் துடைத்துக்கொள்வார், மைக்கை மட்டும் விடமாட்டார்.

ஊருக்கெல்லாம் சொல்லி அழுதவர் அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மேடையில் சொன்னதோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைப்பு.

வெளியூரிலிருந்து பெரிய பிரசங்கியார் வரும் கூட்டத்துக்கு முந்தைய நாள் நானும் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் சமையலறைக்கே வந்து, "நாளைக்கு முடியை நல்லா தூக்கிக் கட்டிக்கோ. கடைசி வரிசைக்கும் தெரியணும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "என்கிட்ட எப்பங்க மன்னிப்பு கேப்பீங்க?" என்றாள்.

"கர்த்தரே மன்னிச்சிட்டாரு. அதுக்கு மேல உனக்கென்ன?"

"அடிபட்டது நானுங்க."

"பழசையே பிடிச்சுக்கிட்டுத் தொங்கறது பிசாசோட வேலை" என்றார், வாராவாரம் அதே பழசைக் கடைவிரிக்கும் யோக்கியர்.

மறுநாள் கூட்டத்தில் இரும்புக் கம்பி வந்தது. "இப்ப என் மனைவி மேடைக்கு வருவாங்க" என்றார். அக்கா எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் தோளைத் தொட்டுத் தள்ளினார்கள்.

"நான் வரல. இந்த நெத்தி என்னோடது" என்றாள். சத்தம் போடவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

அத்தான் பேந்தப் பேந்த விழித்தார். இறங்கி வந்து அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. அவரோ தொண்டையைச் செருமிக்கொண்டு பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார்.

அக்கா எழுந்து வெளியே போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சபாஷ்க்கா! வா, வீட்டுக்குப் போலாம். இனி இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காத" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அத்தானைக்கூட அவள் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

"நான் எதுக்குடா போகணும்? இந்தச் சபை என்ன உங்க அத்தான் கட்டின வீடா? பயப்படாதேன்னு ஆண்டவர் எனக்கும் சேர்த்துத்தான் சொன்னாரு. இத்தனை நாள் இவரு போட்ட சத்தத்துல காதுல விழல."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.